வத்தல் காஞ்சிருச்சா

இருநூத்திப் பதினொண்ணாம் பக்கம்னு அந்தப் பொண்ணு மைக்குல சொன்னப்ப நான் அந்தப் புஸ்தகத்தாலதான் விசிறிக்கிட்டு இருந்தேன். திருச்சியில ஒரு லாட்ஜு மாடியில சின்ன ஹாலு, ஏ.சி. இருக்குன்னாங்க, இருக்கு, ஓடல. எழுத்தாளரோட சம்சாரம்ங்கிறதுக்காக முன்வரிசையில சுவரோரமா எனக்கு ஒரு நாற்காலி. மேடையில நடுவுல என் வீட்டுக்காரர் பரமகுரு, கன்னத்துல கைய வச்சுக்கிட்டு, யாரோ எழுதின புஸ்தகத்தப் பத்திப் பேசுற மாதிரி முகத்த வச்சுக்கிட்டு உக்காந்திருக்கார். அவரோட மூணாவது நாவலுக்கு விமர்சனக் கூட்டம், காலையில பத்து மணிக்கு. 'அகாலத்தின் அடிக்குறிப்புகள்'. முன்னூத்தி அறுபது பக்கத்துல ஒரு முற்றுப்புள்ளி கிடையாது, ஒரு ஆளுக்குப் பேரு கிடையாது, பாதிப் பக்கங்கள்ல மேல வெறும் வெள்ளை, அடியில பொடி எழுத்துல அடிக்குறிப்பு மட்டும், எதுக்கு அடிக்குறிப்புன்னா மேல ஒண்ணும் இருக்காது. அட்டை கெட்டியா இருக்கறதால காத்து நல்லா வருது, அதுக்காவது ஆச்சேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். அந்தப் பொண்ணு, மிருதுளாவாம், இவர் எழுத்துல ஆராய்ச்சி பண்ணுதாம், தொண்டையச் செருமிக்கிட்டு வாசிச்சுது. "ஏழாவது அடிக்குறிப்பு. ஐப்பசி அடைமழையில் தொலைபேசி ஒலிக்கிறது, அவள் சொல்கிறாள், சுண்டைக்காய் வத்தல் காய்ந்துவிட்டதா என்று அம்மாவிடம் கேளுங்கள்." அப்பறம் சொல்லுச்சு, "அடைமழையில் எந்த வத்தல் காயும்? இந்த வாக்கியத்துக்கு எந்த அர்த்தமும் இல்லை. அர்த்தம் இல்லாமல் இருப்பதுதான் இதன் அழகு." நாலு பேரு தலைய ஆட்டினாங்க. இவரும் லேசா ஆட்டினாரு. என் கை அப்படியே நின்னுபோச்சு.

அர்த்தம் இல்லையாம்ல. அந்த வாக்கியத்த செஞ்சவளே நான்தான் தாயி, அங்க உக்காந்திருக்காரே அவர் இல்ல. என் பொண்ணு சுகந்திக்குக் கல்யாணமாகி மூணு வருஷம் ஆகப்போவுது, கரூர்ல குடுத்திருக்கு, துணி ஏத்துமதி பண்ற குடும்பம். கல்யாணத்துக்கு மொத நாளு, மண்டபத்துக்குக் கெளம்புறதுக்கு முன்னாடி அடுப்படியில நிறுத்தி வச்சு அவகிட்ட சொன்னேன், பாருடி, அங்க உன்னால தாங்க முடியாத மாதிரி ஒண்ணு வந்தா, பக்கத்துல யாரு நின்னாலும் சரி, போனப் போட்டு சுண்டைக்காய் வத்தல் காஞ்சிருச்சாம்மான்னு கேளு, நான் ஏன் எதுக்குன்னு ஒரு வார்த்த கேக்க மாட்டேன், அடுத்த பஸ்ஸப் புடிச்சு வந்து உன்னக் கூட்டிட்டு வந்துருவேன். அவ சிரிச்சா, சினிமா மாதிரி பேசாதம்மான்னா. சிரிச்சாலும் ஒரு தடவ சொல்லிப் பாத்துக்கிட்டா, வத்தல் காஞ்சிருச்சான்னு, மருதாணிக் கைய வாய்க்குக் குறுக்க வச்சுக்கிட்டு. ஏன் சுண்டைக்காய்னா அவளுக்கு அந்தக் கசப்பு ஆகவே ஆகாது, சின்னதுலேருந்து கொழம்புல ஒவ்வொண்ணாப் பொறுக்கித் தட்டோரமா வச்சிருவா, அவ வாயிலேருந்து அந்தப் பேரு தன்னால வராது, வந்தா அதுக்குத்தான். இதெல்லாம் எனக்கு எப்படித் தோணுச்சுன்னா, நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல முப்பது வருஷத்துக்கு மேல வேல பாத்தவ. வெளியூருக்கு டிரங்க் கால் போட்டுக் குடுத்த காலத்துல எத்தன பொண்ணுங்க குரலக் கேட்டிருக்கேன். பக்கத்துல ஆள் நிக்குதுன்னா குரல்லயே தெரியும். நல்லாருக்கேம்மா, நல்லாருக்கேம்மான்னு காலுக்குண்டான மூணு நிமிஷமும் அதையே சொல்லிட்டு, வைக்கப் போற நேரத்துல அங்க மழ பேஞ்சுதாம்மான்னு கேக்கும் அந்தப் பொண்ணு. இங்க அவ அம்மா, இல்லடி வெயிலு கொளுத்துதுன்னு சொல்லிட்டு வச்சிருவா. நான் ஹெட்செட்ட மாட்டிக்கிட்டு, அடிப்பாவி அவ மழையக் கேக்கலடின்னு உள்ளுக்குள்ள கத்துவேன். நடுவுல பேசக் கூடாதுன்னு ரூல்ஸு. என் பொண்ணுக்கு அப்படி ஆகக் கூடாதுன்னுதான் மழைக்குப் பதிலா வத்தல வச்சேன்.

சரி, அப்ப அது எப்படி இந்தப் புஸ்தகத்துக்குள்ள வந்துச்சு. அன்னிக்கு நாங்க அடுப்படியில பேசினத இவர் கேட்டிருப்பாரோ, கேட்டுட்டு நல்லாருக்கேன்னு எழுதியிருப்பாரோ. அப்படித்தான் இருக்கணும். அப்படி இருந்துட்டா நல்லாருக்கும். மாரியாத்தா, அப்படி இருக்கட்டும். ஆனா அன்னிக்கு இவர் வீட்ல எங்க இருந்தாரு, மண்டபத்துல சீரியல் லைட்டு போடுறவன்கிட்ட சண்ட போட்டுக்கிட்டுல்ல இருந்தாரு. அடுப்படியில நாங்க ரெண்டு பேருதான். அப்பறம் கேளுங்கள்னு போட்டிருக்கு, என்கிட்ட பேசினா காஞ்சிருச்சாம்மான்னுதான கேப்பா. அம்மாவிடம் கேளுங்கள்னா, அவ பேசினது அப்பாகிட்ட. அப்பறம் ஐப்பசி. தையில நடந்த கல்யாணத்துல ஐப்பசி எங்கேருந்து வரும். மேடையில அந்தப் பொண்ணு நேர்கோடு இல்லாத காலம்னு என்னமோ சொல்லிக்கிட்டிருக்கு. எனக்கு நேர்கோடுதான் வேணும் இப்ப. எந்த ஐப்பசி, என்ன தேதி, எத்தன மணி. புஸ்தகத்தத் தொறந்தேன். சத்தியமா சொல்றேன், இவர் புஸ்தகத்த நானாத் தொறந்தது அதான் ரெண்டாவது தடவ.

மொத தடவ கல்யாணமான புதுசுல. மொத நாவல் வந்து, கட்டு கட்டா வீட்ல கெடந்துச்சு. ஒண்ண எடுத்துக்கிட்டு உக்காந்தேன், பதினோரு பக்கம் போனேன், தல சுத்துச்சு, எழுவா எங்க இருக்கு பயனில எங்க இருக்குன்னு தேடியே வரி முடிஞ்சிரும். ஏங்க இது எத பத்திங்கன்னு கேட்டேன். ஆசையாத்தான் கேட்டேன். எத பத்தின்னு கேக்குறதுக்கு இது பஸ் ஸ்டாண்டு கதப் புஸ்தகம் இல்ல வல்லி, விடு, உனக்குப் புரியாதுன்னாரு. கோவமாக்கூடச் சொல்லல, குழந்தைகிட்டேருந்து கத்தரிக்கோல வாங்கி மேல வைக்கிற மாதிரி பதமாச் சொன்னாரு. நானும் வச்சுட்டேன். எனக்கு அவ்வளவுதான் மூளைன்னு முப்பது வருஷம் நம்பிக்கிட்டு, வீட்டுக்கு வர்ற அவர் சிநேகிதங்களுக்கெல்லாம் காப்பி போட்டுக் குடுத்துக்கிட்டு, அவங்க என்னப் பாத்து, நீங்க வாசிச்சீங்களாம்மான்னு கேட்டா, அய்யோ எனக்கெங்கங்க அதெல்லாம்னு சிரிச்சுக்கிட்டு. அந்தச் சிரிப்ப நெனச்சா இப்ப எனக்கே பத்திக்கிட்டு வருது. ஏன்னா இப்ப வாசிக்கிறேன், எல்லாம் புரியுது. நாப்பத்திரெண்டாம் பக்கத்துல சக்கர விலங்கு ஒன்று இரும்பை மெல்கிறதுன்னு போட்டிருக்கு. அது எங்க வீட்டு கிரைண்டரு. பேரிங் போயி ஆறு மாசம் மாத்தித் தரச் சொல்லி நான் கெஞ்சினது. முழந்தாளில் குடியிருக்கும் எலின்னு ஒண்ணு நூறு பக்கத்துக்கு வருது, முன்னால பேசின ஒருத்தரு அதப் பசியின் படிமம்னு கால் மணி நேரம் விளக்கினாரு. அது என் முட்டிங்க. படி ஏறுறப்ப கிறீச்சு கிறீச்சுன்னு சத்தம் வருது, உள்ள எலி இருக்கான்னு தெரியலன்னு நான்தான் இவர்ட்ட ஒரு நாள் சொன்னேன். டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறேன்னாரு, எலிய எழுதப் போயிட்டாரு. ஆளுங்க பேர உருவிட்டு, புள்ளிய உருவிட்டு, சாமானெல்லாம் வேற பேரு சொல்லி வச்சா எங்க வீடுதான் இது, இதுல என்ன புரியாம இருக்கு. வீட்ல கரண்டு போனா நான் தீப்பெட்டி தேட மாட்டேன், எது எங்க இருக்குன்னு கைக்குத் தெரியும். அந்த மாதிரி பக்கம் பக்கமாப் போறேன்.

நல்லா வேற எழுதியிருக்காரு, அதான் இன்னும் எரிச்சலா இருக்கு. இருநூத்திப் பதினொண்ணுல மழ ஓட்டுச் சரிவுல எறங்குறத ரெண்டு பக்கத்துக்கு எழுதியிருக்காரு, எனக்குக் குளிருது வாசிக்கிறப்ப. அந்த ஐப்பசி எனக்கு ஞாபகம் வந்துருச்சு. சுகந்திக்குத் தல தீபாவளி முடிஞ்சு ரெண்டு வாரம். எங்க அண்ணிக்கு தஞ்சாவூர்ல கர்ப்பப்பை ஆபரேஷன், கூட இருக்க ஆளில்லன்னு நான் போயிருந்தேன், பத்து நாளு. போறதுக்கு மொத நாளுதான் என் போனு துணி ஊற வச்ச பக்கெட்டுக்குள்ள விழுந்து, கடையில ரிப்பேருக்குக் கெடந்துச்சு. அப்ப அவ என் நம்பருக்கு அடிச்சிருக்கா, போகல, அப்பாவுக்கு அடிச்சிருக்கா. அந்த வீட்ல அவ போன அவ புருஷன்தான் வச்சிருப்பான், மாமியார் போன்லேருந்துதான் பேசணும், மாமியாரு பக்கத்துலயே நிப்பா. அதெல்லாம் ஆரம்பத்துல நான் பெருசா எடுத்துக்கல, கூட்டுக் குடும்பம்னா அப்படித்தான்னு விட்டேன், அது என் தப்புதான், அதுக்கு நான் யாரையும் திட்டப் போறதில்ல. பக்கத்தத் திருப்புறேன். இருநூத்திப் பத்தொம்பதுல ஒம்பதாவது அடிக்குறிப்பு. "மீண்டும் அவள், மீண்டும் வத்தல், இம்முறை குரல் தாழ்ந்திருக்கிறது, சொற்களுக்குப் பின்னால் ஒரு நாற்காலி இழுபடும் ஓசை, பிறகு மூச்சு, மூச்சு மட்டும்." நாற்காலி சத்தம் கேட்டிருக்கு இந்த மனுஷனுக்கு. மூச்சு வாங்குறது கேட்டிருக்கு. பொண்ணு குரல் எறங்கினது கேட்டிருக்கு. இத்தனையும் கேட்டு, மறந்துடக் கூடாதேன்னு டைரியில குறிச்சு வச்சிருப்பாரு, எனக்குத் தெரியும், போன் பக்கத்துலயே அந்தப் பச்ச டைரி இருக்கும். ஏம்மா என்னாச்சுன்னு ஒரு வார்த்த கேக்கத் தோணல. அவ எப்பவும் சுண்டைக்காயத் திங்க மாட்டாளே, கொட்டுற மழையில வத்தலக் கேக்குறாளேன்னு தோணியிருக்கு பாருங்க, தோணினதாலதான எழுதியிருக்காரு. தோணி, அதோட நிறுத்திக்கிட்டாரு.

அந்தப் பத்து நாளும் இந்த ஆளு எங்கூடப் பேசாமலா இருந்தாரு. தெனம் சாயந்தரம் ஆறு மணிக்கு எங்கண்ணன் போனுக்குக் கூப்புடுவாரு. கேஸு தீந்துருச்சு, ரெகுலேட்டர எந்தப் பக்கம் திருப்பணும் வல்லி. என் சாம்பல் சட்டைய எங்க வச்ச. பால்காரருக்கு ஒரு லிட்டரா அரை லிட்டரா. நான் ஒவ்வொண்ணாச் சொல்லுவேன், அண்ணி பெட்டுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு. சுகந்தி பேசினாளாங்கன்னு கேட்டேன், இன்னிக்கும் எனக்கு ஞாபகம் இருக்கு, கேட்டேன். பேசினா, நல்லாருக்காளாம்னாரு. சாம்பல் சட்டையக் கேக்கத் தெரிஞ்ச வாய்க்கு இத எங்கிட்டச் சொல்ல என்ன வந்துச்சு. எக்ஸ்சேஞ்சுல பி.பி. கால்னு ஒண்ணு உண்டு, குறிப்பிட்ட ஆள் வந்து போன எடுத்தாத்தான் அது கால், வேற யாரு எடுத்தாலும் லைன் குடுக்க மாட்டோம், சம்பந்தப்பட்ட ஆள் இல்லீங்கன்னு சொல்லி வச்சிருவோம். அதுக்குக் காசும் கெடையாது. முகம் தெரியாத ஆளுங்க சாவு சேதிய, பொறப்பு சேதிய எல்லாம் ஒரு எழுத்து மாறாம நான் சேத்திருக்கேன். ஒரு தடவ சிங்கப்பூர்லேருந்து வந்த காலுக்காக மூணு தெரு தள்ளி ஆளனுப்பிக் கூப்புட்டுட்டு வரச் சொன்னவ நான். என் பொண்ணு எனக்குன்னு பேசின ஒரே ஒரு வாக்கியம், என் வீட்லயே, என் புருஷன் காதுல நின்னுபோச்சு. பன்னெண்டாவது அடிக்குறிப்பு இருநூத்தி முப்பத்திமூணுல இருக்கு. அத நான் நாலு தடவ வாசிச்சேன், புரியாம இல்ல. "சொன்னீர்களா என்றாள் சொன்னேன் என்றான் என்ன சொன்னாள் என்றாள் ஒன்றும் சொல்லவில்லை என்றான் அவன் சொல்லியிருக்கவில்லை சொன்னால் அந்த வாக்கியம் பயன்பட்டுவிடும் பயன்பட்ட வாக்கியம் செத்த வாக்கியம்."

ஒன்றும் சொல்லவில்லை. அப்ப அவளுக்கு என்ன தெரியும்னா, அம்மாவுக்குச் சேதி போயிருச்சு, அம்மா ஒண்ணும் சொல்லல. அம்மா வரல. மூணு தடவ கேட்டும் அம்மா வரல. ரெண்டு வருஷமா என் பொண்ணு அத வச்சுக்கிட்டு அந்த வீட்ல இருந்திருக்கா. நான் இங்க என்ன நெனச்சேன் தெரியுமா, அவளுக்குப் பக்குவம் வந்துருச்சு, முன்ன மாதிரி தொட்டதுக்கெல்லாம் போன் பண்றதில்ல, குடும்பம் நடத்தக் கத்துக்கிட்டான்னு அக்கம்பக்கத்துல பெருமையா வேற சொன்னேன். அந்தப் பொங்கலுக்குச் சீர் வச்சுக்கிட்டுப் போயி எறங்கினப்ப கதவத் தொறந்தவ, இப்பத்தான் வழி தெரிஞ்சுதாம்மான்னா. கேலி பண்றான்னு நானும் சிரிச்சுக்கிட்டே, ஆமாடி உங்க ஊரு அமெரிக்காவுல இருக்குல்லன்னேன். அவ சிரிக்கல, கரும்புக் கட்ட வாங்கி உள்ள கொண்டு போயிட்டா. முன்பல்லுல ஓரமா ஒரு துணுக்கு இல்ல. பாத்ரூமுல வழுக்கிருச்சுன்னா. மாமியாரு, ஆமாங்க சம்மந்தி, ரொம்ப அவசரம் உங்க பொண்ணுக்குன்னா. ரெண்டு நாளு இருந்தேன், சுகந்தி என் முகத்தையே பாக்கல, எடுத்துட்டுப் போன பொடவையோட கலரு புடிக்கல போலன்னு நெனச்சேன். பொடவைன்னு நெனச்சேன், கடவுளே. லேபுல வேலைக்குப் போய்க்கிட்டிருந்தவ, ஏண்டி நின்னுட்டன்னு கேட்டதுக்கு, வீட்லயே நெறைய வேல இருக்கும்மான்னா. கெளம்புறப்ப பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வரேன்னு செருப்பு போட்டவள மாப்ள தினகரு, நான் கொண்டுபோய் விடுறேன் நீ இருன்னான். அவ செருப்பக் கழட்டி மறுபடி ஸ்டாண்டுல வச்சா, ஜோடியா, ஒழுங்கா வச்சா. ஜன்னல்ல நின்னா. நான் கைய ஆட்டினேன், அவ ஆட்டல. இத ஒண்ணொண்ணா இப்பத்தான் எனக்கு வாசிக்கத் தெரியுது. என்ன விட இந்த ஆளு மோசம்னு சொல்லத்தான் இத்தன கோவமும் வருதோ, எனக்கும் கண்ணு இருந்துச்சே. இருந்துச்சு. ஆனா அவ கேட்டது எனக்குத் தெரிஞ்சிருந்தா நான் போயிருப்பேன். ராத்திரி மூணு மணின்னாலும் போயிருப்பேன், லாரியில ஏறிப் போயிருப்பேன், அதுல மட்டும் எனக்குச் சந்தேகமே இல்ல.

கைதட்டுறாங்க, அந்தப் பொண்ணு எறங்கிருச்சு. தலைவரு, பேராசிரியர் அறவாழி, சந்தன நெத்தி, எழுந்திருச்சு மைக்கப் புடிச்சாரு. தமிழ்ல இப்படியொரு முயற்சி வந்ததில்ல, வாசகனின் சோம்பலை இது மன்னிக்காதுன்னாரு. அந்த வத்தல் வாக்கியத்த எடுத்துக்கிட்டு, காய்தலும் நனைதலும் ஒரே கணத்தில் நிகழ்கிற முரண், அதைக் கேட்கும் 'அவள்' தமிழ் மொழியேதான் என்று நான் துணிந்து சொல்வேன்னாரு. துணிஞ்சு சொல்லுவாராம். என் பொண்ணுக்குப் பல்லு உடஞ்சிருக்கு, இங்க ஒருத்தரு துணிஞ்சு சொல்லிக்கிட்டிருக்காரு. அப்பறம் எம்பக்கம் திரும்பி, எழுத்தாளரின் துணைவியார் திருமதி சௌந்தரவல்லி அம்மாள் எழுத்தாளருக்குப் பொன்னாடை போர்த்தி இரண்டு வார்த்தை சொல்வார்கள்னு கூப்புட்டாரு. எழுந்தேன். முட்டி கிறீச்சுன்னுச்சு. மேடையில ஏறி சால்வைய வாங்கி மேச மேலயே வச்சுட்டு நேரா மைக்குக்குப் போனேன். எனக்கு மைக்கு புதுசில்ல, காலம்பூரா வாய்க்கு முன்னாடி மைக்க வச்சுக்கிட்டுதான் சம்பாரிச்சேன். சொன்னேன், நிதானமா, எக்ஸ்சேஞ்சுல சேதி படிக்கிற மாதிரி. அந்த வாக்கியத்துக்கு அர்த்தம் இல்லன்னு இந்தப் பொண்ணு சொல்லுச்சு. இருக்கு. அம்மா, என்ன இங்க வச்சுக் கொல்றாங்க, வந்து கூட்டிட்டுப் போன்னு அர்த்தம். மூணு தடவ கேட்டிருக்கா. மூணு தடவையும் அத அவ அம்மாகிட்ட யாரும் சொல்லல. அவ்வளவுதாங்க.

எல்லாரும் என்னையே பாத்தாங்க, எனக்கு அப்ப நெஞ்சு லேசா ஆச்சு, சரி, புரிஞ்சிருச்சு இவங்களுக்குன்னு. அப்பறம் கைதட்டினாங்க. பின்னாடி வரிசையில ரெண்டு பேரு எழுந்திருச்சே தட்டினாங்க. மிருதுளா குனிஞ்சு வேகமா எழுதிக்கிட்டிருக்கு. அறவாழி கண்ணத் தொடச்சுக்கிட்டு, அம்மா ஒரு மகத்தான மாற்று வாசிப்பைத் தந்துவிட்டார்கள், பிரதி எழுதியவனிடமிருந்து இதோ கைமாறிவிட்டதுன்னாரு. இவரு, என் வீட்டுக்காரரு, எம்பக்கம் குனிஞ்சு மெதுவா, பிரமாதம் வல்லி, இவ்வளவு நல்லா வாசிப்பன்னு நான் நெனக்கவே இல்லன்னாரு. முகம் நெசமாவே மலந்திருந்துச்சு, கல்யாணத்தன்னிக்குக்கூட என்ன அப்படிப் பாத்ததில்ல. நான் மைக்க விட்டுத் தள்ளி வந்து கேட்டேன், சுகந்தி எத்தன தடவ போன் பண்ணா அந்த ஐப்பசில. சுகந்தியா, இது நாவல் வல்லி, அதுல வர்ற அவள் சுகந்தி இல்லன்னாரு. போன் பண்ணது யாருங்க. சுகந்திதான், ஆனான்னு இழுத்தாரு. வத்தலக் கேட்டது யாரு. சுகந்தி கேட்டா, வத்தலத்தான கேட்டா, அதுல என்ன இருக்குன்னாரு. நான் இப்ப மைக்குல சொன்னதுதான் இருக்கு, நானும் அவளும் பேசி வச்சுக்கிட்டது, கல்யாணத்துக்கு மொத நாளுன்னேன். அவரு கண்ணு அப்பத்தான் ஒரு எடத்துல நின்னுச்சு. முகத்துல கலரு எறங்கிருச்சு. பாத்தேன், எறங்கினத. ஏன் எங்கிட்ட முன்னாடியே நீ சொல்லலன்னாரு. அப்பறம் ஒரு தடவ கூட்டத்தப் பாத்தாரு, கையில இருந்த தாளப் பாத்தாரு, ஏற்புரை, நாலு பக்கம், வாரம்பூரா எழுதினது. வல்லி, இங்க வேணாம், பத்து நிமிஷம் இரு, இத மட்டும் படிச்சிட்டு வந்துர்றேன், நாம பேசலாம்னாரு.

பத்து நிமிஷம். ரெண்டு வருஷத்துல பத்து நிமிஷம் என்ன பெருசு, படிங்க, நல்லாப் படிங்க. நான் எறங்கி, புஸ்தகத்த நாற்காலியிலயே விட்டுட்டு, கைப்பைய மட்டும் எடுத்துக்கிட்டு மாடிப்படிக்கு வந்துட்டேன். உள்ள அவரு குரலு ஸ்பீக்கர்ல வருது, மொழியின் எல்லையில் நின்று எழுதுகிறவன் தனியன்னு. படியில நின்னுக்கிட்டே சுகந்தி நம்பர அடிச்சேன். இந்த வருஷந்தான் அவ போன அவ கையில குடுத்திருக்காங்க. நாலு ரிங்கு போச்சு. அஞ்சாவதுல எடுத்து, சொல்லும்மான்னா. அழுதா நேரம் போயிரும்னு பல்லக் கடிச்சுக்கிட்டுச் சொன்னேன், சுகந்தி, நீ அன்னிக்கு அப்பாகிட்ட கேட்டது எனக்கு இன்னிக்குத்தாண்டி தெரியும், அப்பா எங்கிட்ட சொல்லவே இல்ல, சாமி சத்தியமா சொல்லல. அந்தப் பக்கம் குக்கரு ஒரு விசில் விட்டுச்சு. எதும்மான்னா. அப்பறம், ஓ, அதுவான்னா. நீ வரமாட்டன்னுதான் நெனச்சுக்கிட்டேன், பரவால்லம்மா, இப்பப் பழகிருச்சு, நீ மனசப் போட்டுக் கொழப்பிக்காதன்னா. என்னச் சமாதானம் பண்றா. பல்ல ஒடச்சுக்கிட்டு என்னச் சமாதானம் பண்றா. நான் படி எறங்கிக்கிட்டே சொன்னேன், நான் திருச்சியில இருக்கேன், ஆட்டோ புடிச்சு கரூர் பஸ் ஏறப் போறேன், நீ ஒண்ணும் சொல்ல வேணாம், கதவத் தொறந்தா மட்டும் போதும்.

வச்சுட்டாளோன்னு காதுல அழுத்திக் கேட்டேன், காலடிச் சத்தம், ஒரு கதவு சாத்துற சத்தம், அப்பறம் குரலு, வேற குரலு, கல்யாணத்துக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்ச குரலு. எத்தன மணிக்கும்மா வருவன்னா. மூணுக்குள்ள வந்துருவேன்னேன். அத்த ரெண்டுலேருந்து நாலு வரைக்கும் தூங்குவாங்கம்மா, அவரு வர அஞ்சர ஆகும், முன்பக்கம் கேமரா இருக்கு, நீ பின்னாடி சாயப்பட்டறைச் சந்து வழியா வா, பின்கதவுக்கு இன்னொரு சாவி பண்ணி வச்சிருக்கேன், என் சர்டிபிகேட்டு, ரெண்டு செட்டு துணி, எல்லாம் ஒரு பையில போட்டு அரிசி டிரம்முக்குப் பின்னாடி இருக்குன்னு மூச்சு விடாம சொல்லிக்கிட்டே போறா. நான் ஆட்டோவுக்குக் கைய நீட்டிக்கிட்டே, பைய எப்படி கட்டினடின்னேன். அந்த ஐப்பசியிலயே கட்டிட்டேம்மா, இன்னும் பிரிக்கலன்னா.